ஓடுபாதையில் நின்ற கப்பல்

சித்தப்பா கப்பலில் இரண்டாம் அதிகாரி. அவர் கடலில் இருக்கும் மாதங்களில் சித்தி வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டில் தங்குவார். காலையில் பள்ளிக்கூட வேன் வருவதற்கு முன் சித்தியின் போனை வாங்கி, கப்பலின் பெயரை எழுத்தெழுத்தாகத் தட்டி, கப்பல்களைக் காட்டும் வரைபடத்தில் அது எங்கே நிற்கிறது என்று சொல்வது பத்து வயதில் எனக்கிருந்த உத்தியோகம். கப்பலையே நான்தான் ஓட்டுகிறேன் என்ற மிதப்பு வேறு.

சித்திக்கு ஏழாம் மாதம் நடந்தபோது ஒருநாள் கப்பலைக் கடலில் காணவில்லை. அது கரையேறி, ஏதோவொரு நாட்டு விமானநிலையத்தின் ஓடுபாதையில் நின்றது. விமானம் வந்து இறங்கினால் சித்தப்பாவின் தலையில்தானே இறங்கும் என்று நான் பயந்துபோனேன். ஆனால் சித்தி பயந்தால் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்குக் கூடாது என்று அம்மா ஓயாமல் சொல்லிவந்தார்.

“கப்பல் கடலிலதானே நிக்குது?” என்று சித்தி கேட்டார்.

“ஓம் சித்தி, நடுக்கடலில,” என்றேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது மூன்று நாள் ஓடியது. கப்பல் ஓடுபாதையை விட்டு அசையவில்லை, சித்தப்பாவிடமிருந்து அழைப்பும் இல்லை. சித்தி தினமும் அதையே கேட்டார், நானும் அதையே சொன்னேன்.

மூன்றாம் நாள் பின்னேரம் சித்தப்பா அழைத்தார். யாரோ கள்ளச் சமிக்ஞை அனுப்பி, இடம் காட்டும் செய்மதிக் கருவியை ஏமாற்றிவிட்டார்களாம். கப்பலின் திரைகளும் விமானநிலையத்தையே காட்டினவாம். பெட்டிக்குள் கிடந்த செக்ஸ்டன்டை எடுக்கச் சொன்னாராம் கப்டன். நண்பகலில் சூரியனும் பொழுதுபட நட்சத்திரங்களும் எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்று அதால் அளந்து, கணக்குப் போட்டு, கடதாசி வரைபடத்தில் பென்சிலால் புள்ளி வைத்து வந்திருக்கிறார்கள்.

“சோதினைக்குப் படிச்சது. இப்பதான் உண்மையாத் தேவைப்பட்டது,” என்றார் சித்தப்பா. “வானத்தில மூண்டு வெள்ளி தெரிஞ்சாக் காணும், நிக்கிற இடத்தைச் சொல்லிப்போடலாம்.”

நான் பல்கனிக்கு ஓடினேன். ரயில் பாதைக்கு அப்பால் கடலுக்குள் சூரியன் இறங்கி, மேலே முதல் வெள்ளி பூத்திருந்தது. வானம் என்பது பட்டம் விடுவதற்கும் மழை வருமா என்று பார்ப்பதற்கும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவ்வளவு தூரத்திலிருந்து அது சித்தப்பாவுக்கு இடம் சொல்லியிருக்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

உள்ளே சித்தி விம்மி அழும் சத்தம் கேட்டது. நல்ல சேதி வந்த பிறகு ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. இன்னொன்றும் அப்போது விளங்கவில்லை. அந்த மூன்று நாள் காலையிலும் நான் கப்பலின் பெயரைத் தட்டவே இல்லை. சித்தி போனை நீட்டும்போதே அந்த ஓடுபாதை திரையில் திறந்திருந்தது. வேன் வரும் நேரமென்று எனக்கு வேலையைச் சுலபமாக்கித் தருகிறார் என்றுதான் நினைத்தேன்.