புல்மேட்டில் ஒரு கல்

சான் ரமோனில் எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிட டிரைவ். மரமே இல்லாத புல்மேட்டின் உச்சியில் ஓர் ஆள் உயரத்துக்கு ஒற்றைக் கல் நிற்கிறது. மனுஷக் கால் படுவதற்கு முன்பிருந்தே அங்கே நிற்கிறதாம். போன கோடையில் அதை முதன்முதலாகப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து என் கணவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவரும் பாவம், என்ன செய்வார்.

அம்மா ஊரில் நோயில் கிடந்து இறந்தபோது நான் போகவில்லை. கிரீன் கார்டு விண்ணப்பம் பாதியில் இருந்தது. இப்போது நாட்டை விட்டுப் போனால் அத்தனை வருடக் காத்திருப்பும் போச்சு என்றார் வக்கீல். எல்லோரிடமும் "போக முடியலை" என்று சொல்லிக்கொண்டேன். போகவில்லை என்பதுதான் உண்மை.

பதினாறாம் நாள் காவிரிக்கரையில் அம்மாவுக்காகக் கல் நட்டு, அண்ணன் எண்ணெய் வைத்துப் பால் ஊற்றுவதைப் போனில் பார்த்தேன். "என் பேருக்கும் ஒரு கை ஊத்துண்ணே" என்று இங்கிருந்து கத்தினேன். அவன் காதில் விழுந்ததோ இல்லையோ, கல்லைப் பிடுங்கி ஆற்றில் போட்டுவிட்டார்கள். அந்த ஒரு கைப் பால் என் நெஞ்சிலேயே நின்றுவிட்டது.

இந்த ஞாயிற்றுக்கிழமை நல்லெண்ணெயும் பாலும் எடுத்துக்கொண்டு மேடேறினேன். கூட வந்த மகளுக்குப் பதினான்கு வயது. நான் கல்லில் எண்ணெய் தடவியதும் அவளுக்கு மானம் போய்விட்டது.

"அம்மா, ப்ளீஸ்! இட்ஸ் எ பார்க்!"

"சும்மா இருடி. உங்க பாட்டிக்கு ஊத்தறேன்."

நாயோடு வந்த ஒருவர் குட் மார்னிங் சொல்லிவிட்டுப் பார்க்காததுபோல் நடந்தார். நாய்தான் நான் ஊற்றிய பாலை நக்கப் பார்த்தது. அதட்டி விரட்டினேன். அம்மாவைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. எண்ணெய்க் கையோடு கல்லைக் கட்டிக்கொண்டு, "மன்னிச்சுக்கோம்மா" என்றேன். வெயிலில் கல் கதகதப்பாக இருந்தது.

மகள் மெல்லப் பக்கத்தில் வந்து நின்றாள். "டிட் ஷி நோ? நீ ஏன் போகலைன்னு?"

தெரியும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"டிக்கெட் போட்டாச்சு, வெள்ளிக்கிழமை வந்துடுவேம்மான்னு அவங்ககிட்ட சொன்னேன்டி" என்றேன். "மனசு நோகக் கூடாதுன்னு பொய் சொன்னேன். வெள்ளிக்கிழமை முழுக்க வாசலையே பாத்துட்டு இருந்தாங்களாம். சனிக்கிழமைதான் போனாங்க."