நெய் உருண்டைக்குப் போட்ட பூட்டு

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காடுகளில் புல்லைக் கொல்லும் மருந்து அடிக்கும் புஷ்பலதா அக்காவை எங்கள் பழைய தோட்டத்தில் தெரியாதவர் இல்லை. முதுகில் மருந்துத் தொட்டி, தலையில் கணவரின் தொப்பி, வாயில் ஓயாத கேலி. நான் பட்டம் வாங்கியதை என் அம்மாவைவிட அதிகம் பேருக்குச் சொன்னவர் அவர்தான்.

மிஞ்சிய மருந்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவருவது இங்கே வழக்கம். சில மருந்துகள் தவறி வயிற்றுக்குள் போனால் விஷமுறிவே கிடையாது. அதனால் ஈப்போவில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக் குழு, வீட்டுக்கு ஓர் இரும்புப் பெட்டியும் பூட்டும் கொடுத்தது. மருந்தைப் பூட்டி வைத்தால் விபத்து குறைகிறதா என்று பார்ப்பதுதான் ஆய்வு.

தீபாவளிக்கு முந்தின நாள் சொல்லாமல் போய் நின்றேன். பெட்டி சாமி படத்துக்குக் கீழே, பூட்டோடு இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. திறந்து காட்டச் சொன்னேன். அவசரமில்லை, முதலில் தண்ணீர் குடி என்றார் அக்கா. அவர் கணவர் ஐயாவு அண்ணன் நாற்காலியை இழுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"தொறந்து காட்டுலா. யுனிவர்சிட்டி படிச்ச புள்ள கேக்குது" என்றார் அக்காவிடம்.

அக்கா திறந்தார். உள்ளே டின் டின்னாக நெய் உருண்டை, முறுக்கு. இனிப்புநீர் என்னும் சர்க்கரை நோய் உள்ள அண்ணன் ஒரு வாரமாக வீட்டைக் கிளறித் தேடியது அதைத்தான்.

மருந்து? சிங்க்குக்குக் கீழே, ஆரஞ்சு குளிர்பான பாட்டிலில்.

குனோங் ராபாட்டிலிருந்து மகள் வந்துகொண்டிருந்தார், இப்போதுதான் நடை பழகும் பேத்தியோடு. கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குப் போகும் வயது. அதை நான் நினைவுபடுத்தியதும் அக்காவின் சிரிப்பு நின்றது. ஆனாலும் டின்னை எடுக்கக் கை வரவில்லை.

"இத வெளிய வச்சா இவரு காலு போயிடும் தம்பி. அத வெளிய வச்சா புள்ளைக்கு ஆபத்து. பெட்டி ஒன்னுதான குடுத்தீங்க?"

எங்கள் குழுவில் யாரும் யோசிக்காத கேள்வி. அப்படியே எழுதிக்கொண்டேன்.

அக்கா பாட்டிலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். டின்களை என் கையில் கொடுத்து, லயத்து வரிசை வீடுகள் முழுக்கப் பங்கு வைத்துவிடச் சொன்னார். ஒவ்வொரு டின்னையும் வாசல்வரை வந்து வழியனுப்பினார் ஐயாவு அண்ணன். கெஞ்சியதில் அரை உருண்டை கிடைத்தது.

கார் வந்தது. பேத்தி தாத்தாவைக்கூடப் பார்க்கவில்லை. தத்தித் தத்தி நேரே சமையலறைக்குப் போய், சிங்க்குக்குக் கீழிருந்த கதவை இழுத்தாள். கிடைத்தது சட்டி மூடி. அதைத் தரையில் ஓங்கித் தட்டினாள்.

சுவரில் சாய்ந்து நின்ற அக்கா, மெதுவாக, "தட்டுடி, நல்லா தட்டு" என்றார்.