ஐஸ் பெட்டிக்குள் போன குழாய்

நான்தான் அதைக் கொன்றேன். அந்த கேமிங் கணினி செத்தது என் மைத்துனன் செல்வத்தின் கைக்கோளாறால் அல்ல... என் கைங்கரியத்தால். மூன்று வருடமாக அவன் தலையில் கிடக்கும் பழி என்னுடையது. போதுமா?

நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. ஐம்பத்திரண்டு வயதுக்காரனுக்குக் கார்ப் பந்தய விளையாட்டு எதற்கு என்றுதானே? பிடித்திருந்தது, ஆடினேன்! ஒவ்வொரு வளைவிலும் என் கார் சுவரில் மோதியது. குறை என் விரல்களில் இருக்க முடியாது. ஆகவே ப்ராசஸரில்தான் இருக்கிறது என்று முடிவு செய்தேன். கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் அதை விரட்ட வேண்டும்... ஓவர்க்ளாக்!

அறந்தாங்கியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் செல்வம் தயங்கினான். "சூடேறிப்போகும் அத்தான். ஃபேன் தாங்காது, தண்ணி கூலிங்தான் வைக்கணும். ஒங்களுக்கு எதுக்குங்க இந்த வம்பு?"

"ஒன்னால முடியாதுன்னா சொல்லு மாப்ள, வேற ஆளப் பாக்குறேன்."

ரோஷக்காரன். இரண்டு நாள் உட்கார்ந்து, ப்ராசஸரைத் தண்ணீர் சுற்றிவரும்படி குழாய் மாட்டினான். ஒரு சொட்டு கசியவில்லை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம்... நிறுத்தினேனா? ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பிளான்ட் மேனேஜர் நான். இருபது வருடமாக ஊர் மீனையெல்லாம் கெடாமல் காத்தவனுக்கு ஒரு கம்ப்யூட்டர் சில்லு எம்மாத்திரம்! மனைவி ஆவுடையார்கோவிலுக்குப் போயிருந்தாள், சாட்சியும் இல்லை. ஒரு மீன் பெட்டி நிறைய உடைத்த ஐஸ் கொண்டுவந்து, குழாயை அதற்குள் புதைத்து, வேகத்தை உச்சத்துக்கு ஏற்றினேன். ஆகா, என்ன குளிர்ச்சி!

கடற்காற்று பட்டால் குளிர்ந்த பாட்டிலுக்கு வியர்ப்பதுபோல் அந்தக் குழாய்க்கும் வியர்க்குமென்று, நாள் முழுக்க வியர்க்கும் குழாய்களுக்கு நடுவே நடமாடும் எனக்குத் தோன்றவே இல்லை. கணினிக்குள் சொட்டியது. திரை கறுத்தது.

செல்வம் வருவதற்குள் ஐஸ் பெட்டியை மாடிக்குக் கடத்திவிட்டேன். உள்ளிருந்த ஈரத்தை அவன் தொட்டுப் பார்த்தான்.

"கசிஞ்சிருக்கே அத்தான்... நல்லா இறுக்கித்தானே வச்சேன்?"

கோயிலிலிருந்து திரும்பியிருந்த அவன் அக்கா, அதாவது என் மனைவி, முந்திக்கொண்டாள். "ஒழுங்கா ஒரு குழா மாட்டத் தெரியாதாடா ஒனக்கு? நீயெல்லாம் கடை வச்சு..."

நான் வாய் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டுமா? ஐஸ் பிளான்ட்காரனுக்குக் குளிரைப் பற்றித் தெரியாது என்று துறைமுகமே சிரிக்கும். சிரித்தால்தான் என்ன என்கிறீர்களா? உங்களைப் பார்த்துச் சிரிக்கட்டும், பிறகு பேசுவோம்! நான் உருகி அழுவேன் என்று காத்திருக்காதீர்கள். இன்னொரு கணினி கிடைத்தால் இன்னொரு பெட்டி ஐஸ் கொண்டுவரவும் தயங்கமாட்டேன்...

போன வாரம் செல்வத்தின் கடையில் உட்கார்ந்திருந்தேன். துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தவர் ஒருவர், தன் கணினிக்குத் தண்ணி கூலிங் மாட்டித் தரக் கேட்டார்.

"அது மட்டும் வேணாம் பாய், திருச்சியில பாத்துக்கங்க. எங்க அத்தான் வீட்டுலயே கசியவிட்டு மெஷினக் கெடுத்தவன் நான். அன்னையோட அந்த வேலைய விட்டுட்டேன்." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பிச் சிரித்தான். "என்ன அத்தான், சரிதானே?"

"ஆமா மாப்ள" என்றேன். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

நடுங்கியிருக்கலாம்...