பெரியப்பாவைச் சாகடித்த சனிக்கிழமை

என் பெரியப்பாவை ஒன்பது வயதில் நான் சாகடித்தேன். அவர் அப்போது எங்கள் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

சுவிட்சர்லாந்தின் லாங்கன்தாலில் எங்கள் வீட்டுக்கு வரும் ஜெர்மன் கடிதங்களையும் வாசல் மணியையும் கவனிப்பது என் உத்தியோகம். தொழிற்சாலையில் எப்படியோ சமாளித்துவிடும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வாசலில் ஒரு சுவிஸ்காரர் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எங்களோடு இருந்த பெரியப்பா இன்னும் மோசம். லுசேர்ண் ஹோட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவிய அவர் தமிழிலேயே நாளுக்குப் பத்து வார்த்தைதான் கதைப்பார். மாதா கோயிலில் பூசைப் பாட்டுக்குக்கூட வாய் திறக்கமாட்டார். அவருக்கு ஜெர்மன் அறவே தெரியாது என்று நானே முடிவுகட்டியிருந்தேன்.

அந்த வருடம் ஃபாஸ்நாக்ட் மாறுவேடத் திருவிழாவுக்கு, வேடம் போட்ட உறவினர் ஒருவரின் படத்தைக் கொண்டுவரும்படி ஆசிரியை சொன்னார். ஞானஸ்நானப் பத்திரங்கள் இருந்த பிஸ்கட் பெட்டியைக் கிளறினேன். அடியில் ஒரு படம். கௌபாய்த் தொப்பி, கையில் கிட்டார், பின்னால் ‘ஜானி மன்னார்’ என்று ஒரு பதாகை. தொப்பிக்குக் கீழே பெரியப்பா, சிரித்துக்கொண்டு. அவருக்கு இத்தனை பல் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. யாரிடமும் கேட்காமல் கொண்டுபோனேன். ஆசிரியை அதைச் சுவரின் நடுவில் ஒட்டினார்.

மாலையில் அம்மாவிடம், படத்தைக் கண்டதை மட்டும் சொன்னேன். அம்மாவின் முகம் வெளிறிவிட்டது.

“ஐயோ பிள்ளை, அது அவர் பெர்மிட் கிடைக்க முதல் பாடினது. வேலை செய்யக்கூடாத காலம். ஆரும் அறிஞ்சால் ஆளைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். ஒருத்தரிட்டையும் மூச்சுக் காட்டாதை!”

முழு வகுப்புக்கும் காட்டியாகிவிட்டது. அதன்பிறகு நான் சோறு தின்னவில்லை, விழுங்கினேன். கடிதப்பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் முதலில் அரசாங்க முத்திரையைத் தேடினேன். படத்தைத் திருப்பிக் கேட்கவும் பயம். கேட்டால் ஏன் என்பார்கள்.

இரண்டு கிழமை கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம் மணி அடித்தது. அப்பாவும் அம்மாவும் வேலையில். வாசலில் தாடி நரைத்த ஒரு சுவிஸ்காரர், கக்கத்தில் கோப்பு. திறந்தார். அதே படத்தின் இன்னொரு பிரதி.

“பள்ளிக்கூடச் சுவரில் இந்தப் படத்தைக் கண்டேன். இவர் உன் பெரியப்பா என்று உங்கள் ஆசிரியை சொன்னார். இவரை நெடுநாளாகத் தேடுகிறேன்.”

தேடுகிறார்! நான் வாசலை மறித்து நின்றேன். குசினியில் கத்திச் சத்தம் நின்றுவிட்டது.

“அவர் செத்துப்போனார்,” என்றேன், பிழையில்லாத ஜெர்மனில்.

அந்த மனிதர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியது. பிடிக்க வந்தவர் ஏன் அழ வேண்டும் என்று நான் யோசிக்கவில்லை. பயத்துக்கு யோசனை கிடையாது. தான் அவரோடு கிட்டார் வாசித்தவர் என்றார். பக்கத்து ஊர் மதுச்சாலையில் ஒரு குளிர்காலம் முழுக்க அவர் பாடியதற்குச் சனம் மேசைமேல் ஏறி ஆடியதாம். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வராமல் விட்டுவிட்டாராம். பிறகு ஒரு கசெட்டை நீட்டினார். அந்தக் குரல் பதிவானது இதில் மட்டும்தான், குடும்பத்திடம் இருக்கட்டும் என்றார்.

எனக்கு அது சாட்சிப்பொருள். கதவைச் சாத்தியதும் நாடாவை உருவி, கத்தரியால் துண்டு துண்டாக வெட்டிக் குப்பைப் பையில் போட்டு, கீழே கொண்டுபோய்க் கொள்கலனில் எறிந்துவிட்டுக் குசினிக்கு வந்தேன்.

பெரியப்பா வெங்காயத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.

“எப்ப செத்தவராம்?”

“நான்... நான் பிறக்க முதல், பெரியப்பா.”

“ஓம். அப்பதான்.” தோலைக் கூட்டி ஒதுக்கிக்கொண்டு, “அந்தாள் ஏதும் தந்ததோ?” என்றார்.

“ஒண்டுமில்லை.”

அவர் அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

என் அப்பாவை இங்கே கூப்பிடுவதற்காகத்தான் அவர் கிட்டாரை விற்றுவிட்டுப் பாத்திரம் கழுவப் போனார். அப்பாவிடமும் அந்தத் தாடிக்காரரிடமும் கேட்டுக் கேட்டு அதையெல்லாம் இப்போது எழுதி வைத்திருக்கிறேன். மதுச்சாலை தெரியும், தொப்பியின் நிறம் தெரியும், எந்தப் பாட்டுக்குச் சனம் அழுதது என்பதும் தெரியும். பெரியப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். குரலைக் கேட்க வழியில்லை.

அன்றைக்கு எனக்கு இதொன்றும் தெரியாது. அவரைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நிம்மதியில், அவரே சமைத்து அவரே போட்டுத் தந்த சோற்றை இரண்டு கோப்பை தின்றேன்.