இம்மானுவேல் எழுதிய இரண்டு வரி

மோகன்ராஜுக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் வேலை. கூரையை ஒட்டி நகரும் கிரேனின் கேபின்தான் அவர் இடம். பதினாறு வருடமாக மனிதர்களை மேலிருந்தே பார்த்து வருகிறார். கீழே சிவந்த கம்பிகள் நெளிந்து ஓடும். அனலில் காற்று அலைய, மஞ்சள் ஹெல்மெட்டுகள் தண்ணீருக்கடியில் மிதப்பவை போல அசையும். இரைச்சல்கூட அவரிடம் வந்து சேர்வதற்குள் மெத்தென்று ஆகிவிடும்.

இறங்கி வந்தால் அவர் 'புதுவாயல் பஸ்' வாட்ஸ்அப் குரூப்பின் அட்மின். கம்பெனி பஸ் எப்போது வரும், எங்கே ரூம் காலி, யாருக்கு ரத்தம் வேண்டும் என்று இருநூறு பேர் பேசிக்கொள்ளும் இடம் அது.

மார்கழியில் ஒரு காலை, நைட் ஷிஃப்ட் முடியும் நேரத்தில், பக்கத்து ஷெட்டில் பாரம் தூக்கும் சங்கிலி அறுந்து சுப்பராயன் இறந்துபோனார். யாரோ உடலைப் படமெடுத்து குரூப்பில் போட்டார்கள். மோகன்ராஜ் யோசிக்காமல் அதை அழித்தார். பிறகு கும்பிடும் கை எமோஜிகளாக வந்து குவிந்தன. அவற்றுக்கு நடுவே, அதே ஷெட்டில் வேலை செய்யும் இளைஞன் இம்மானுவேல் எழுதியிருந்தான்:

"அது என் ஷிஃப்ட். அவரு எனக்காக மாத்திக்கினாரு. பேரக் கேட்டதும் மொதல்ல சந்தோஷம்தான் வந்துச்சு, நான் இல்லன்னு."

குரூப் கொதித்தது. சுப்பராயனின் மச்சான் வசந்தகுமார் போன் செய்தான்.

"இன்னாண்ணே, பொணம் இன்னும் ஊட்டுக்கே வரல. அந்தப் பையன இன்னும் குரூப்புல வச்சிக்கினு கீற?"

"தூக்கிடறேன், இருப்பா."

ஆனால் விரல் நகரவில்லை. வீடு திரும்பும் பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே பனியில் புகைபோக்கிகள் அடியில்லாமல் நின்றுகொண்டிருந்தன. பக்கத்து ஷெட்டில் விபத்துச் சைரன் ஊதியபோது தன் நெஞ்சில் கதகதப்பாக ஏதோ ஒன்று பரவியதை அவர் நினைத்துக்கொண்டார். அதற்கு அவர் அதுவரை பெயர் வைக்கவில்லை. இதை அழித்தால் அந்தப் பையன் இதோடு தனியாக அறையில் உட்கார்ந்திருப்பான்.

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. திட்டறவங்க என்னையும் திட்டுங்க. அழிக்க மாட்டேன்" என்று எழுதினார்.

பதினேழு பேர் வெளியேறினார்கள். வசந்தகுமார் பேச்சை நிறுத்திக்கொண்டான்.

மூன்றாம் நாள் மதியம், ஷிஃப்ட் முடிந்து திரும்பும் பஸ்ஸில் எல்லார் போன்களும் ஒன்றாக அதிர்ந்தன. சுப்பராயன் நம்பரிலிருந்து ஒரு குரல் செய்தி. மோகன்ராஜ் அழுத்தினார். பெண் குரல்.

"நான் சோனியா, அவரு சம்சாரம். எல்லாத்தையும் படிச்சினுதான் கீறேன். மொதல்ல வயிறு எரிஞ்சுது. அப்பால ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. போன வருஷம் அங்க ஒருத்தர் செத்தப்ப இவரும் ஊட்டுக்கு வந்து இதயேதான் சொன்னாரு. ரெண்டு தட்டு சோறு துன்னாரு. அப்பால விடிய விடிய அழுதாரு. அந்தத் தம்பிய வெளிய அனுப்பாதீங்க."

பஸ் வெயிலுக்குள் மிதந்து போனது.

அன்று மாலையிலிருந்து ஒவ்வொருவராக எழுத ஆரம்பித்தார்கள். தேய்ந்த சங்கிலியைப் பார்த்தும் வாய் திறக்காததை ஒருவர் எழுதினார். வேலைக்குக் கிளம்பும்போது குழந்தையின் முகத்தைப் பார்க்கப் பயமென்று இன்னொருவர். அடுத்த வாரம் நாற்பது பேர் சேர்ந்து மேனேஜரிடம் போய் நின்றார்கள். நிர்வாகம் இரண்டு ஷெட்டில் சங்கிலிகளை மாற்றியது.

இம்மானுவேல் ஒருநாள் சோனியாவின் வீட்டுக்குப் போனான். கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தான்.

வசந்தகுமார் இன்னும் பஸ் ஸ்டாப்பில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவன் கோபத்திலும் நியாயம் இருப்பதாகவே மோகன்ராஜுக்குத் தோன்றுகிறது.