துவைத்த வரைபடம்

ஃப்ளோரன்ஸுக்கு ஒரே ஒரு வேலைதான் பாக்கி. ஒரு பம்பின் வரைபடத்தை டிரேசிங் துணியில் மையால் பிரதி எடுக்க வேண்டும். திங்கட்கிழமை நாலு மணிக்கு மானேஜர் அதைப் பார்ப்பார். பிடித்தால் ஒரு வருடப் பயிற்சி முடிந்து வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் ஒரு சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அது 1968, மே மாதம். அவளுக்கு வயது பதினேழு.

வீடு ராயபுரத்தில், தொழிற்சாலை திருவொற்றியூரில். அங்கே டிராயிங் ஆபீசில் அவள் ஒருத்திதான் பெண்.

டிரேசிங் துணி என்பது நீலம் பாய்ந்த மெல்லிய துணி. கஞ்சி ஏற்றி மெருகு போட்டிருப்பார்கள். பென்சில் படத்தின் மேல் விரித்தால் அடியில் உள்ள கோடு தெரியும். ஆனால் ஒரு சொட்டு ஈரம் பட்டால் போதும், அந்த இடம் வெளுத்து உப்பிவிடும். பிறகு மை நிற்காது, படரும். துணி பறக்கும் என்பதால் தலைக்கு மேலுள்ள மின்விசிறியும் போட முடியாது. சேர்ந்த கோடையில் வியர்வை விழுந்தே பல துணிகள் கெட்டன. ஒருநாள் திட்டு வாங்கி அழுதாள். கண்ணீர் விழுந்து அந்தத் துணியும் போயிற்று.

"அழறதுன்னா ரெண்டு அடி தள்ளி நின்னு அழும்மா," என்றார் தலைமை டிராப்ட்ஸ்மேன் சுப்புராயன்.

கெட்ட துணியை யாரும் எறிவதில்லை. செய்தித்தாளில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். சலவைச் சோடா போட்டுக் கொதிக்க வைத்துத் துவைத்தால் கஞ்சியும் அநேகமாக மையும் போய், வெள்ளை வெளேரென்று பூப்போன்ற துணி கிடைக்கும். அந்த ஆபீஸ்காரர்களின் கைக்குட்டை, தலையணை உறை, குழந்தைச் சட்டை எல்லாம் ஒருகாலத்தில் வரைபடங்கள். ஃப்ளோரன்ஸின் அம்மா வியாகுலம்மாளும் அதில் கைதேர்ந்துவிட்டாள்.

இதுவரை ஃப்ளோரன்ஸ் எடுத்த பிரதிகளின் மூலையில் சீனியர் சௌக்கத் அலியின் பெயரெழுத்துதான் இருக்கும். பயிற்சியில் இருப்பவர்களுக்குச் சொந்தப் பெயர் போட உரிமை இல்லை. பரீட்சைத் துணியில் மட்டும் போடலாம். ஒரு வாரம் பயந்து பயந்து கோடு இழுத்து, சனிக்கிழமை காலையில் முடித்து, மூலையில் தடிமனாக F.S. என்று எழுதினாள். ஃப்ளோரன்ஸ் சவரிநாதன்.

"சார், இதை எங்க நைனாவுக்குக் காட்டிட்டுக் கொண்டு வரட்டுமா?"

சுப்புராயன் யோசித்தார். "திங்கட்கிழமை காலையில என் மேஜைல இருக்கணும்."

அப்பா சவரிநாதன் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வின்ச் ஓட்டுகிறவர். அன்று அவர் வீடு திரும்ப ஆறு மணி ஆகும். ஃப்ளோரன்ஸ் சுருளை அலமாரி மேல் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் பாட்டு ஒத்திகைக்குப் போனாள். வந்து பார்த்தால் அலமாரி மேல் ஒன்றும் இல்லை. அம்மா தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, இங்க வச்ச சுருள் எங்கே?"

"தொவைச்சி வெயில்ல காயவச்சி இதோ தைச்சிகினு கீறேனே. நாளைக்கு அக்கா புள்ளைக்கு ஞானஸ்நானம், சட்டை வாணாமா? இன்னா மெல்லிசு பாரு. இந்த வாட்டி ஒங்க ஆபீஸ்ல நல்ல துணியா குடுத்துகீறான்."

"அது கெட்டுப்போன துணி இல்லம்மா. அதுதான் என் பரீட்சை."

மிஷின் நின்றது. வியாகுலம்மாள் கையிலிருந்த குட்டிச் சட்டையையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பேப்பர்ல சுத்திக் கொண்டாந்தே. எப்பவும் அப்டித்தானேடி கொண்டாருவே."

உண்மைதான், இதையும் அவள் செய்தித்தாளில்தான் சுற்றியிருந்தாள். ஃப்ளோரன்ஸுக்கு அழுகை முட்டியது. உடனே கால் தானாக இரண்டு அடி பின்னால் போயிற்று. துணிமேல் விழக்கூடாது. பின்னால் போன பிறகுதான் தான் செய்தது அவளுக்குத் தெரிந்தது. துவைத்த துணிக்கு இனி என்ன? சிரிப்பு வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சாமி, புள்ளைக்கு இன்னாமோ ஆயிடுச்சி," என்று அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

சவரிநாதன் வந்ததும் விஷயத்தைக் கேட்டார். சட்டையை விளக்கில் பிடித்து அங்குலம் அங்குலமாகத் தேடினார். மை முழுவதும் போகவில்லை. முதுகில் பம்பின் வளைவு சாம்பல் நிறத்தில் இருந்தது. கீழ் மடிப்பை ஒட்டி இரண்டு எழுத்து.

"இது எஃப்பு. கண்ணாடி சாமான் பெட்டியில மொத எழுத்து இதான். பாத்து எறக்குன்னு அர்த்தம்."

"நான் அப்டி ஒடையற ஆளு இல்ல நைனா."

"அதான் பாத்தேனே. நான் வரும்போது சிரிச்சிகினு இருந்தே."

மறுநாள் கோயிலில் ஞானத்தாயாகக் குழந்தையை ஏந்தி நின்றவள் ஃப்ளோரன்ஸ்தான். தண்ணீர் ஊற்ற அவள் குழந்தையைக் குப்புறச் சாய்த்ததும் சாமியார் அதன் முதுகைப் பார்த்து நிறுத்தினார்.

"என்ன இது, படம்?"

"பம்பு, சாமி," என்றார் சவரிநாதன். "தண்ணி ஊத்தற எடத்துல இருக்க வேண்டியதுதான்."

சாமியார் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜெபத்தைத் தொடர்ந்தார்.

திங்கட்கிழமை காலையில் சுப்புராயனின் மேஜைமுன் வெறுங்கையோடு நின்றாள். நடந்ததைச் சொன்னாள். ஆபீஸ் முழுவதும் சிரித்தது.

"உங்கம்மாவை இங்க அனுப்பு," என்றார் சௌக்கத் அலி. "நான் போட்ட பழைய தப்பு நெறைய கீது, துவைக்கணும்."

சுப்புராயன் திட்டத்தான் வாயைத் திறந்தார். நெற்றியைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தார். அதில் மங்கலாக ஒரு பல்சக்கரம். அதைப் பார்த்தார், மடித்துப் பைக்குள் வைத்தார்.

"பென்சில் படம் இங்கதானே இருக்கு? நாலு மணி வரைக்கும் நேரம் இருக்கு. போய் உட்காரு."

புதுத் துணியை விரித்தாள். மை பிடிக்க சாக்பீஸ் தூள் தூவித் துடைத்தாள். நெற்றியில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டாள். அவளுக்காக அறையின் எல்லா மின்விசிறிகளையும் நிறுத்தினார்கள். ஆண்கள் காலரைத் தளர்த்திக்கொண்டு புழுக்கத்தில் வெந்தார்கள். "இன்னிக்கு நமக்கும் ஞானஸ்நானம்தான்," என்றார் சௌக்கத் அலி, சட்டையைப் பிழிவதுபோல் காட்டி.

முதலில் வட்டங்கள், பிறகு வளைவுகள், கடைசியில் நேர்கோடுகள். போன வாரம் ஒவ்வொரு கோட்டுக்கும் மூச்சைப் பிடித்தவள், இன்று எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை ஒத்திகை பார்த்த பாட்டு. பம்பின் பெரிய வளைவு, அவள் முன்பு மூன்று தரம் சுரண்டித் திருத்தியது, ஒரே இழுப்பில் வந்தது. வந்த பிறகு பேனாவை வைத்துவிட்டுச் சற்று நேரம் அதையே பார்த்தாள். ஒரு வருடம் எங்கே போயிற்று என்று அப்போது அவளுக்குத் தெரிந்தது. கைக்குள் போயிருந்தது. அதை அம்மாவால்கூடத் துவைக்க முடியாது.

மூன்றரைக்கு F.S. எழுதினாள்.

மானேஜர் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இதுக்கு ஒரு வாரம் ஆச்சா?"

"இன்னிக்குக் காலையில ஆரம்பிச்சா, சார்," என்றார் சுப்புராயன். மற்றதைச் சொல்லவில்லை.

மானேஜர் கையெழுத்துப் போட்டார். சௌக்கத் அலி எழுந்து போய் எல்லா மின்விசிறிகளையும் முழு வேகத்தில் முடுக்கினார். மேஜைகளில் இருந்த காகிதமெல்லாம் பறந்தது. யாரும் பொறுக்கப் போகவில்லை.

அந்தச் சட்டை அக்காவின் மூன்று குழந்தைகளுக்கும், பிறகு ஃப்ளோரன்ஸ் பெற்ற இரண்டு பேருக்கும் ஞானஸ்நானச் சட்டையாக இருந்தது. போன மாதம் கண்ணை மூடும்வரை அவளே அதை மடித்து வைத்திருந்தாள். விளக்கில் பிடித்தால் வளைவு இன்னும் தெரிகிறது, கீழ் மடிப்பில் எழுத்தும். அழ இரண்டு அடி தள்ளி நிற்க வேண்டியதில்லை. கஞ்சி போன துணி. நனைந்தால் ஒன்றும் ஆகாது.