மெயின் க்ளாஸில் போன வேலை

ஆங்கில வாக்கிய வகைகளை ஐந்தே நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம் என்று இன்று இங்கே ஒருவர் பதிவு போட்டிருக்கிறார். கொடுத்துவைத்தவர்.

அறுபதுகளில் தாராவியில் என்னோடு தங்கியிருந்த மரியதாஸ் காய்ச்சலில் பத்து நாள் படுத்துவிட்டான். செம்பூரில் அவன் வேலைபார்த்த ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒரு மதியம் கடிதம் வந்தது. ஒரே வாக்கியம், ஆங்கிலத்தில். மாட்டுங்காவில் இலக்கண வகுப்பு நடத்திய ஒரு சாரிடம் ஓடினோம்.

சார் படித்துப் பூரித்துப்போனார். "பேஷ்! என்ன லட்சணமான காம்ப்ளெக்ஸ் சென்டென்ஸ்!"

"சார், சோலி இருக்கா, போச்சா?" என்றான் மரியதாஸ்.

"அவசரப்படப்படாது. முதல்ல மெயின் க்ளாஸ், அதாவது முதன்மை வாக்கியம். 'உன்னை வேலையிலேருந்து நீக்கியாச்சு.'"

மரியதாஸ் பெஞ்சில் உட்கார்ந்து அழத் தொடங்கினான். சார் கரும்பலகையில் நிதானமாகக் கோடு போட்டார்.

"இது சபார்டினேட் க்ளாஸ், சார்பு வாக்கியம். தனியா நிக்காது, பாவம். 'இன்னிக்கு நாலு மணிக்குள்ள நேர்ல வராட்டா.'"

மணி மூன்றேகால். கடிதத்தைப் பிடுங்கினேன். "எலேய், எந்திரில!"

"காம்பவுண்ட் சென்டென்ஸ் இன்னும் சொல்லலையே!" என்று சார் வாசல்வரை வந்தார்.

வாழ்க்கையில் முதல்முறையாக டாக்சி பிடித்தோம். நாலடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது உள்ளே நுழைந்தோம். வேலை தப்பியது.

கடிதம் எழுதிய ஹெட்கிளார்க்கும் தமிழர்தான். "தமிழ்ல ரெண்டு வரி எழுதியிருக்கலாம்லா சார்?" என்று கேட்டேன்.

"எழுதலாம். அப்புறம் எவன் பயப்படுவான்?"

நியாயம்தானே. உங்களை இப்படிப் பயமுறுத்திய ஆங்கிலக் கடிதம் எது?